எரிமலை தந்த பாதரசம், ஏரி சுமக்கும் பாரம்

தண்ணீரைப் போல ஓடும். தொட்டால் கை நனையாது. வெள்ளியைப் போல மின்னும்; நகை செய்ய முடியாது. இரும்புத் துண்டைப் போட்டால், அதுவும் அதன்மேல் மிதக்கும். அது என்ன?

பள்ளிப் பிள்ளைகள் பட்டென்று விடை சொல்லிவிடுவார்கள்: பாதரசம்!

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் வெள்ளிக் கோட்டை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குழாய் உடைந்தபோது, தரையில் ஓடிய மணிகளை விளையாட்டாகத் துரத்தியவர்களும் உண்டு. அந்த மணிகள் எங்கே பிறந்தன என்று என்றைக்காவது நினைத்துப் பார்த்ததுண்டா?

பாதரசம் பிறந்த இடம் ஒன்றை இன்று பார்ப்போம். அது எரிமலைச் சூட்டில் பிறந்தது. மனிதர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள். அதனால் வந்த துன்பம் மட்டும் போகவில்லை.

தெளிந்த ஏரி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அங்கே சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கே சுமார் 100 மைல் தூரத்தில் ஒரு பெரிய ஏரி. அதன் பெயர் 'கிளியர் லேக்'. தெளிந்த ஏரி என்று பொருள். முழுவதும் கலிபோர்னியாவுக்குள்ளேயே அமைந்த இயற்கை நன்னீர் ஏரிகளில் இதுவே மிகப் பெரியது.

ஏரிக்கரையில் கோனாக்டி என்ற மலை நிற்கிறது. அது ஓர் எரிமலை. சுற்று வட்டாரம் முழுவதுமே எரிமலை பூமிதான். சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நெருப்புக் குழம்பு பொங்கத் தொடங்கியது. கடைசியாகப் பொங்கி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகின்றன. நமக்கு அது நெடுங்காலம். பூமிக்கோ நேற்று நடந்தது போல!

மேலே ஆறிவிட்டாலும் உள்ளே இன்னும் ஆறவில்லை. ஏரிக்குத் தெற்கே உள்ள மலைகளில் பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியைப் பிடித்து, 1960-ஆம் ஆண்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏரியின் கிழக்குக் கை ஒன்றின் ஓரத்தில்தான் நம் கதை நடக்கிறது. அந்த இடத்துக்கு 'சல்பர் பேங்க்' என்று பெயர். கந்தகக் கரை!

பூமிக்குள் ஒரு வெந்நீர்ப் பானை

வீட்டில் தினமும் வெந்நீர் போடும் பானையைக் கவனித்திருப்பீர்கள். நாளாக ஆக, உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த உப்புதான் அப்படிப் படிகிறது.

பூமிக்குள்ளும் இது போன்ற வேலைதான் நடந்தது. ஆழத்தில் இருக்கும் தண்ணீரை எரிமலைச் சூடு கொதிக்க வைத்தது. அந்தக் கொதிநீரும் ஆவியும் ஆழத்துப் பாறைகளில் இருந்த பாதரசத்தையும் கந்தகத்தையும் சிறிது சிறிதாக ஏந்திக்கொண்டன. பிறகு பாறைப் பிளவுகள் வழியாக மேலே ஏறின. ஏற ஏறச் சூடு தணிந்தது. தணிந்ததும், சுமந்து வந்த சரக்கைப் பிளவுகளிலேயே இறக்கி வைத்தன.

அப்படி இறங்கும்போது பாதரசமும் கந்தகமும் ஒன்றோடொன்று சேர்ந்து சிவந்த கல்லாகின. அந்தக் கல்லைத்தான் நம் சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்கிறார்கள். சாதிலிங்கம் தண்ணீரில் எளிதில் கரையாது. பாதரசத்தை உள்ளே வைத்துக் கந்தகம் பூட்டுப் போட்டது போன்ற நிலை அது.

கந்தகக் கரையின் மேற்பரப்பில் இருப்பது ஓர் எரிமலைக் குழம்புப் பாறை. அது வழிந்தோடி உறைந்து சுமார் 44,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தப் பாறையின் பிளவுகளிலேயே சாதிலிங்கம் படிந்திருக்கிறது. ஆகவே பாறைக்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பாதரசம். மற்றச் சுரங்கங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உண்டான தாதுவைத்தான் பார்க்க முடியும். இங்கேயோ வெந்நீர் ஊறிக்கொண்டே இருந்தது. தாது உண்டாகும் வேலை இன்னும் நடக்கிறது என்று ஜோசப் லே கான்ட் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளி ரைசிங்கும் 1882-ல் எழுதினார்கள். உலகத்துப் பூகர்ப்ப அறிஞர்களின் பார்வை இந்த ஏரிக்கரைமேல் விழுந்தது.

கந்தகம் தேடியவர்கள்

முதலில் வந்தவர்கள் பாதரசத்துக்காக வரவில்லை. நிலத்தின் மேல் மஞ்சள் மஞ்சளாகக் கந்தகம் படிந்து கிடந்தது. பாறையே அமிலம் தின்று வெளுத்துப் போயிருந்தது. 1865-ல் கந்தகம் வெட்ட ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் டன் எடுத்தார்கள்.

கொஞ்சம் ஆழமாகப் போனதும் ஒரு தொல்லை வந்தது. மஞ்சள் கந்தகத்தோடு சிவப்புத் தூள் கலந்து வந்தது. சுத்தமான கந்தகம் கிடைக்கவில்லை. சரக்கு கெட்டுவிட்டது என்று வேலையை நிறுத்தினார்கள்.

சரக்கைக் கெடுத்த அந்தச் சிவப்புத் தூள் எது? சாதிலிங்கம்தான்! 1873-ல் அதற்காகவே சுரங்கம் தொடங்கியது. நேற்றைய குப்பை இன்றைய செல்வம் ஆகிவிட்டது.

பாதரசத்துக்கு அப்போது ஏன் அவ்வளவு கிராக்கி? தங்கம்தான் காரணம். 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணோடு கலந்த பொன் துகளைக் கையால் பொறுக்க முடியுமா? பாதரசத்தை விட்டால் அது பொன்னை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் நிற்கும். வெள்ளிச் சுரங்கங்களிலும் இதே முறை இருந்தது. பொன்னும் வெள்ளியும் தேடியவர்கள் எல்லோரும் பாதரசத்துக்குக் கை நீட்டினார்கள்.

இரண்டரை லிட்டர், 34 கிலோ!

சிவந்த கல்லிலிருந்து பாதரசத்தை எப்படிப் பிரித்தார்கள்? கல்லை உடைத்துச் சூளையில் போட்டு எரித்தார்கள். கந்தகம் புகையாகப் பிரிந்தது. பாதரசமும் ஆவியாகக் கிளம்பியது. அந்த ஆவியைக் குளிர்ந்த குழாய்களில் செலுத்தினார்கள். இட்லிப் பானையின் மூடியில் நீராவி பட்டுத் துளித்துளியாகச் சேருமல்லவா? அது போலப் பாதரசம் துளித்தது.

அதை இரும்புக் குப்பிகளில் அடைத்து விற்றார்கள். ஒரு குப்பியில் கொள்வது சுமார் இரண்டரை லிட்டர்தான். ஆனால் அதன் எடை 34 கிலோவுக்கும் மேல்! தண்ணீரைப் போலப் பதின்மூன்றரை மடங்கு கனம் அதற்கு.

நிலத்தடியில் இறங்கி வேலை செய்தவர்களில் பலர் சீனாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். மற்றச் சுரங்கங்களில் இருட்டும் இடிபாடும்தான் பயம். இங்கேயோ பாறைப் பிளவிலிருந்து கொதிநீர் பீறிட்டது. அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு கிளம்பியது. மேலே சூளைப் பக்கம் போனால் பாதரசப் புகை. பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், ஈறு வீங்கும், பல் ஆடும். மாதக் கூலிக்காக இதையெல்லாம் சகித்தார்கள்.

வியாபாரம் ஏறியபோது சுரங்கம் திறந்தது; விலை விழுந்தபோது மூடியது. இப்படி மாறி மாறி 1957 வரை நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் உள்ளே குடைவதை விட்டுவிட்டு, மேலிருந்தே திறந்த குழியாக வெட்டினார்கள். பெரிய இயந்திரங்கள் வந்தன. வேண்டாத கல்லையும் மண்ணையும் வாரி ஏரிக்கரையிலேயே கொட்டின. ஏரிக்குள்ளும் சரிந்தது.

சேறு சொன்ன சாட்சி

ஏரிக்கு வாய் இல்லை. ஆனால் ஏரியின் அடிச் சேறு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஓர் அடுக்கு மண் படிகிறது. விஞ்ஞானிகள் நீண்ட குழாயைச் சேற்றில் செருகி, அடுக்குக் குலையாமல் மண்ணை எடுத்துச் சோதித்தார்கள்.

வெந்நீர் ஊற்றுகளால் இயற்கையாகவே ஏரியில் சிறிது பாதரசம் சேர்ந்து வந்தது உண்மை. ஆனால் 1927-ஐ ஒட்டிய அடுக்குகளிலிருந்து அளவு மளமளவென்று ஏறியிருந்தது. பெரிய இயந்திரங்கள் மண்ணை வாரத் தொடங்கிய காலம் அதுதான்!

சுரங்கத்தை மூடியதும் பம்புகள் நின்றன. குழியில் தண்ணீர் நிறைந்தது. அது இன்று 23 ஏக்கர் பரப்பும் சுமார் 90 அடி ஆழமும் உள்ள ஒரு குளம். தண்ணீர் புளித்த காடியைப் போல அமிலமாக இருக்கிறது. அடியிலிருந்து வாயுக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கின்றன. குளத்தின் நீர்மட்டம் ஏரியைவிட உயரம். ஆகவே அந்த அமில நீர், குவித்து வைத்த கழிவுக் கற்களின் ஊடே கசிந்து ஏரிக்கு வருகிறது.

கதையின் மோசமான பகுதி இனிமேல்தான். கழிவுக் கல்லில் மிச்சமிருந்த கந்தகம், காற்றும் மழையும் பட்டு வேறு உருவம் எடுத்து ஏரிக்குப் போகிறது. சேற்றில் வாழும் ஒருவகைக் கிருமிகளுக்கு அது தீனி. அந்தக் கிருமிகள் பெருகும்போது, பாதரசத்தை மெதில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றிவிடுகின்றன. அன்று பாதரசத்தைப் பூட்டி வைத்த அதே கந்தகம், இன்று அதை நஞ்சாக்கத் துணை போகிறது!

அந்த நஞ்சை நுண்ணுயிர் தின்கிறது. நுண்ணுயிரைச் சிறுமீன் தின்கிறது. சிறுமீனைப் பெருமீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் மீன் மனிதனுடைய தட்டுக்கு வருகிறது. இந்த நஞ்சு கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைப் பாதிக்கக்கூடியது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் இதே நஞ்சு மீன் வழியாகப் பரவிக் குடும்பங்களைச் சீரழித்தது. 1956-ல் அது வெளியே தெரிந்தது.

கரையோரக் குடும்பங்கள்

சுரங்கத்தை ஒட்டியே ஒரு சிற்றூர் இருக்கிறது. எலெம் என்று பெயர். போமோ என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். வெள்ளையர் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்களுக்கு இந்த ஏரிதான் சோறு போட்டது. மீன்தான் அவர்கள் உணவு. நாணல்தான் அவர்கள் படகு.

சுரங்கத்தின் லாபம் அவர்கள் வீடு தேடி வரவில்லை. கழிவு மண்தான் வந்தது. 1970-களில் அரசாங்கம் அவர்களுக்கு வீடும் சாலையும் அமைத்துக் கொடுத்தபோது, சுரங்கக் கழிவையே போட்டு நிரவினார்கள். அந்த மண்ணில்தான் குழந்தைகள் விளையாடினார்கள்.

1980-களில் ஏரி மீனைப் பற்றி அரசாங்கம் எச்சரிக்கை விடுத்தது. பெரிய பெரிய வேட்டை மீன்களை அளவோடுதான் தின்ன வேண்டும். அதிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் குழந்தைகளும் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றது. தாத்தாவுக்குத் தாத்தா வலை வீசிய ஏரியில் பிடித்த மீனைப் பேரனுக்குப் பரிமாற ஒரு பாட்டி யோசிக்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

1990-ல் நாட்டின் மிக மோசமான நச்சு இடங்களின் பட்டியலில் இந்தச் சுரங்கத்தைச் சேர்த்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வேலையில் இறங்கியது. கழிவுக் குன்று ஏரிக்குள் சரியாதபடி கரையைக் கட்டினார்கள். 2006-ல் எலெம் ஊருக்குள் கிடந்த நச்சு மண்ணை வாரி அகற்றும் வேலை நடந்தது. 2023-ல் பெரிய திட்டம் ஒன்று முடிவாயிற்று. கழிவுகளை ஒன்று சேர்த்து, மழைநீர் இறங்காதபடி நல்ல மண்ணால் மூடுவது அதன் முக்கியமான அம்சம்.

யோசித்துப் பாருங்கள். சுரங்கம் மூடிய ஆண்டு 1957. பெரிய திட்டம் முடிவான ஆண்டு 2023. இடையில் 66 ஆண்டுகள்! அன்று எலெமில் பிறந்த குழந்தைக்குப் பேரன் பேத்தி வந்திருப்பார்கள்.

உலகமும் பாடம் கற்றிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டாவின் பெயரிலேயே 2013-ல் நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 2017-ல் அமலுக்கு வந்தது. அடுத்த ஆண்டே இந்தியாவும் அதை ஏற்றது.

நம் வீட்டிலும் பழைய காய்ச்சல் குழாய் ஒன்று இருக்கலாம். அது உடைந்தால் பிள்ளைகளை அப்புறம் அனுப்புங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மணிகளைக் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தடித்த தாளால் மெல்ல ஒதுக்கி, ஒரு புட்டியில் போட்டு இறுக மூடுங்கள்.

எரிமலை அதைச் சிவந்த கல்லாக்கிப் பத்திரமாக வைத்திருந்தது. மனிதன் அந்தப் பூட்டை உடைத்தான். உடைத்தவனுக்குத் தங்கம் கிடைத்தது. ஏரிக்கரைக் குழந்தைகளுக்கு இன்னும் நல்ல மீன் கிடைக்கவில்லை.