இரும்புத் துகளும் கரிக்குழாயும்

தான் மாறாது நின்று இரசாயன மாறுதலை விரைவுபடுத்தும் பொருளைக் கிரியா ஊக்கி என்பர். இவ்விலக்கணத்தை மனப்பாடமாய் ஒப்புவிக்கும் நாம், அவ்வூக்கியும் செயலற்றுப் போவதுண்டு என்பதை எண்ணுவதில்லை. கார்பன் நானோக் குழாய்களின் வளர்ச்சி இதற்குத் தக்க சான்றாகும்.

1991-ம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ ஈஜிமா விவரித்த இக்குழாய்கள், கரியணுக்கள் அறுகோண வலையாய்ப் பின்னிச் சுருண்டவை. ஒற்றைச் சுவருடைய குழாயின் விட்டம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாய்ப் பகுத்தால் வரும் ஓரிரு பங்கே. இவற்றை வளர்க்க விரும்புவோர், அலுமினா பூசிய சிலிக்கன் தகட்டின்மேல் இரும்பை மிக மெல்லிதாய்ப் படியவைத்துக் காய்ச்சுவர். பூச்சு நுண்துகள்களாய்த் திரளும். பின்னர் எத்திலீன் வாயுவைச் செலுத்தினால், அது துகளின்மீது சிதைந்து, ஹைட்ரஜன் நீங்க, எஞ்சிய கரி குழாயாய் எழும். துகள் பருத்தால் குழாயும் பருக்கும். துகள் தகட்டை இறுகப் பற்றியிருந்தால் குழாய் அதன்மேல் நிமிரும். பற்று தளர்ந்ததாயின், துகளைத் தலையிற் சுமந்தே வளரும். விந்தையன்றோ!

ஆயினும் ஊட்டமாகும் கரியே பகையுமாகிறது. ஒழுங்கற்ற கரி துகளைப் போர்த்துவிட, வாயு இரும்பைத் தீண்டமாட்டாது, வளர்ச்சி நின்றுபோம். 2004-ம் ஆண்டில் கென்ஜி ஹாட்டா குழுவினர் வாயுவோடு மிகச் சிறிதளவு நீராவியைக் கலந்தனர். அப்போர்வை அரிபட்டு அகன்றது. பத்தே நிமிஷத்தில் குழாய்கள் 2.5 மில்லிமீட்டர் உயர்ந்தன. நீராவி மிஞ்சினாலோ குழாயே அரிபடும். அளவறிந்து கலந்தாலும் துகளுக்கு நித்தியத்துவம் இல்லை. நெடுநேர உஷ்ணத்திற் சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்கின்றன.