சூறாவளி என்னும் மரப்பாதை ஊர்தி

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், அட்லாண்டிக் பெருங்கடலின் கரையை ஒட்டிக் கோனி ஐலண்ட் என்னும் கேளிக்கைத் திடல் இருக்கிறது. ஏறி இறங்கும் பாதையில் வண்டிகள் பாய்ந்தோடும் 'ரோலர் கோஸ்டர்' என்னும் விளையாட்டு ஊர்திக்கு அந்தக் கடற்கரை தாய்வீடு எனலாம். 1884-இல் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் அங்கே அமைத்த ஊர்தி, ஐந்து சென்ட் கட்டணத்தில், மணிக்கு ஆறு மைல் வேகத்தில் மெல்ல ஊர்ந்தது. அதே கரையில் 1927 ஜூன் 26 அன்று திறக்கப்பட்டதே 'சைக்ளோன்'. சூறாவளி என்பது அதன் பொருள். பெயர் பொய்யன்று என்பதை ஏறி அமர்ந்தோர் அறிவர்.

இதனை வரைந்தவர் வெர்னன் கீனன். கட்டியவர் ஹாரி பேக்கர். தாங்கும் சட்டம் எஃகினால் ஆயது. பாதையோ அடுக்கடுக்காகப் பிணைத்த மரப் பலகைகளின்மேல் இரும்புப் பட்டை பதித்தது. ஆதலின் இது மரப்பாதை ஊர்தி எனப்படுகிறது. பாதையின் நீளம் 2,640 அடி. சரியாக அரை மைல். உயரம் 85 அடி. இறக்கங்கள் பன்னிரண்டு.

மூன்று பெட்டிகள் கொண்ட வண்டியில் இருபத்துநால்வர் அமரலாம். மடிமேல் ஒரு குறுக்குக் கம்பி வந்து படிகிறது. பின்னர்ச் சங்கிலி ஒன்று வண்டியைப் பற்றி மேலே இழுக்கிறது. 'கடக், கடக்' என்னும் ஒலி நம் நெஞ்சத் துடிப்போடு போட்டியிடுகிறது; வண்டி பின்னே சரியாதபடி காக்கும் கொக்கியின் ஒலியே அது. உச்சியில் ஒரு கணம் கடலும் வானும் தோன்றுகின்றன. அவ்வளவே! ஏறத்தாழ 58 பாகைச் சரிவில் வண்டி தலைகுப்புறப் பாய்கிறது. வேகம் மணிக்கு 60 மைலை எட்டுகிறது.

இவ்விடத்துக்குப் பின் வண்டியை எந்த எந்திரமும் தள்ளுவதில்லை. உயரத்தில் சேர்த்த ஆற்றலைச் செலவிட்டே அது எஞ்சிய மேடுகளை ஏறுகிறது. உராய்வினால் அவ்வாற்றல் தேய்வதால், எந்த மேடும் முதல் மேட்டின் உயரத்தை எட்டுவதில்லை. மேட்டின் முகட்டில் உடல் இருக்கையை விட்டு எழும்புகிறது; பள்ளத்திலோ அதே உடல் பன்மடங்கு கனக்கிறது. மரம் சற்றே வளைந்து கொடுப்பதால் அதிர்ச்சியும் பேரொலியும் மிகுகின்றன. கடைசி வரிசையில் இருப்போரை முன்பெட்டிகள் முகட்டுக்கு அப்பால் வெடுக்கென இழுப்பதால், அங்கே அச்சம் இருமடங்கு. இரண்டு நிமிடத்துக்குள் அனைத்தும் முடிந்துவிடுகின்றன. நிலையத்தில் பணியாளர் கைப்பிடியை இழுத்து வண்டியை நிறுத்துகிறார்.

1948-இல், பேசும் ஆற்றலை இழந்திருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் இதில் ஏறி அலறினார் என்றும், இறங்கியதும் பேசினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

இத்தகைய ஊர்திக்கும் அழிவு நெருங்கிய காலம் உண்டு. 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அருகிலுள்ள மீன் காட்சிச்சாலையை விரிவாக்குவதற்காக இதனை இடித்துவிடும் எண்ணம் எழுந்தது. மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். இடிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது; பழுது பார்க்கப்பெற்று 1975 ஜூலை 3 அன்று சைக்ளோன் மீண்டும் ஓடியது. அதன் அண்டை ஊர்தியான டொர்னேடோ 1977-இல் தீக்கிரையானது. தண்டர்போல்ட் 2000-இல் இடிக்கப்பட்டது. சைக்ளோனோ 1988-இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும், 1991-இல் நாட்டின் வரலாற்று இடங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. பலகைகள் தேயத் தேய மாற்றப்படுகின்றன. வடிவமும் பாதையும் மட்டும் பழையனவே.

மக்களையும் பேரப்பிள்ளைகளையும் காண அமெரிக்கா செல்லும் அன்பர்களுக்கு ஒரு சொல். குளிர்காலத்தில் இவ்வூர்தி ஓடுவதில்லை. கோடையில் செல்வதே நலம். இதயநோயும் முதுகுவலியும் உடையோர் கீழே நின்று காண்பதே போதும். நான்கரை அடி உயரம் எட்டாத சிறுவர்க்கு இடமில்லை. ஏறுவோர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் பத்திரப்படுத்துக. முதன்முறை ஏறுவோர் நடுப்பெட்டியைத் தேர்க. கடைசி வரிசையை இளைஞர்க்கு விட்டுவிடுவதே அறிவுடைமை.