காய்ச்சல் பரவும்போது ஊசி போட்டுக்கொள்வதா, வேண்டாமா?



2023ஆம் ஆண்டு தவக்காலத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம். ஆண்டுத் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்குக் கோயில் நிறையக் கூட்டம். அந்த நேரத்தில்தான் புதுவை சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பு வந்தது: மார்ச் 16 முதல் 26 வரை ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு விடுமுறை. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் அது பொருந்தியது. காரணம், எச்3 என்2 என்ற ஃபுளூ காய்ச்சல். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2022 செப்டம்பர் 17 முதல் 25 வரையும் குழந்தைகளிடையே காய்ச்சல் அதிகமானதால் இதே வகுப்புகள் மூடப்பட்டிருந்தன. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்தால் கொண்டாட்டம், பெற்றோருக்கோ கவலை.

அந்த நாள்களில் ஓர் அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சகோதரி கேட்டார்: "எங்க மாமியாருக்கு எழுபத்திரண்டு வயசு. சர்க்கரை இருக்கு, மூச்சிரைப்பும் இருக்கு. ஃபுளூ ஊசி போடலாமான்னு டாக்டர் கேட்டார். அத்தையோ 'ஆண்டவர் பார்த்துக்குவார், எனக்கு ஊசி வேண்டாம்'னு சொல்றாங்க. நான் என்ன செய்யிறது?"

கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு பதில். ஊசி போட்டால்தான் காய்ச்சலே வரும் என்றார் ஒருவர். கொரோனாவுக்கு மூன்று ஊசி போட்டாச்சே, இன்னும் எத்தனை என்றார் இன்னொருவர். நிலவேம்புக் குடிநீர் போதும் என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் நல்ல மனத்தோடுதான் பேசினார்கள். ஆனால் அந்தச் சகோதரி வந்தபோது இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு வீடு திரும்பினார். அவருக்கு அன்று கிடைத்திருக்க வேண்டிய விளக்கத்தை இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், ஃபுளூ என்பது சாதாரண சளி அல்ல. இன்ஃபுளுயென்சா என்ற வைரஸால் வருவது. இளைஞர்கள் நாலைந்து நாள் படுத்து எழுந்துவிடுவார்கள். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். முதியோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் நோய் உள்ளவர்களுக்கும் அது நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2015ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் எச்1 என்1 காய்ச்சல் 42 ஆயிரத்துக்கும் அதிகமானோரைத் தாக்கியது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் இறந்தனர். 2009இல் "பன்றிக் காய்ச்சல்" என்று நம்மை நடுங்கவைத்த அதே வைரஸ்தான் அது. 2010 ஜூனில் இந்தியாவிலேயே தயாரான முதல் எச்1 என்1 தடுப்பூசியை ஸைடஸ் காடிலா நிறுவனம் கொண்டுவந்தது. இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், உலக நலவாழ்வு நிறுவனம் பெருந்தொற்று முடிந்ததாக அறிவித்தது. பயம் இருந்தபோது நம்மூர் ஊசி இல்லை. ஊசி வந்தபோது பயம் போய்விட்டது. ஐந்து ஆண்டு கழித்து நோய் மீண்டும் வந்தது.

இனி ஊசியைப் பற்றி. நம் நாட்டில் பெரும்பாலும் போடப்படும் ஃபுளூ ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸின் கூறுகள். அதற்கு நோயை உண்டாக்கும் ஆற்றல் கிடையாது. போட்ட கை ஒருநாள் வலிக்கும், சிலருக்கு இலேசாக உடம்பு காயும். அது நம் உடல் எதிர்ப்பாற்றலைத் தயாரிக்கிறது என்பதன் அடையாளம். அப்படியானால் "ஊசி போட்டதும் எனக்குக் காய்ச்சல் வந்ததே" என்று சொல்பவர் பொய்யா சொல்கிறார்? இல்லை. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஊரே இருமிக்கொண்டிருக்கும்போது ஊசி போட்டால், அந்த இரண்டு வாரத்துக்குள் தொற்று முந்திக்கொள்ளலாம். ஏற்கெனவே உடம்புக்குள் புகுந்திருந்தும் வெளியே தெரியாமல் இருக்கலாம். பழி ஊசியின் மேல் விழுகிறது.

"அப்படியென்றால் நோய் பரவத் தொடங்கிய பிறகு போட்டு என்ன பயன்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். 2023ஆம் ஆண்டையே கணக்குப் பாருங்கள். பள்ளிகள் மூடிய வாரத்தில், மார்ச் 18ஆம் தேதி ஊசி போட்டவருக்கு ஏறக்குறைய ஏப்ரல் முதல் தேதியில் பாதுகாப்பு வந்திருக்கும். குருத்து ஞாயிறு ஏப்ரல் 2. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பாஸ்கா திருவிழிப்பு என்று ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த வாரம் அதற்குப் பிறகுதான். ஒரு நோய் அலை வாரக்கணக்கில் நீடிக்கும். பாதியில் போட்டாலும் மீதிக்கு உதவும். ஆனாலும் அலைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவின் பல நகரங்களில் ஃபுளூ தென்மேற்குப் பருவமழையின்போது உச்சம் தொடும். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில், அதாவது நம்முடைய வடகிழக்கு மழைக்காலத்தில், உச்சம் தொட்டதாக ஆய்வுகள் காட்டின. நாமும் அதே மழையில் நனைகிறவர்கள். ஆகவே மழைக்கு முன்பு மருத்துவரைக் கேட்பது பொருத்தம்.

ஊசியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அது முழுக் கவசம் அல்ல. அந்த ஆண்டு பரவும் வைரஸோடு நன்கு பொருந்தினால், மருத்துவரிடம் போகும் அளவுக்கான நோயை நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கும் என்பதே பொதுவான கணக்கு. எச்3 என்2 வகைக்கு இது இன்னும் குறைவு, முதியோரிடமும் குறைவு. வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் உலக நலவாழ்வு நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, எந்த வகைகளை ஊசியில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்ற கதை இதில் இல்லை, ஆண்டுதோறும் போட வேண்டும். கொரோனா ஊசி ஃபுளூவைத் தடுக்காது. ஃபுளூ ஊசி டெங்குவைத் தடுக்காது. மழைக்காலத்தில் புதுவையில் எல்லாக் காய்ச்சலும் ஒரே தெருவில் உலவுகின்றன. எனவே ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம், வந்தால் சோதிக்கத்தான் வேண்டும்.

பக்கவிளைவு பற்றிய அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1976இல் அமெரிக்காவில், ஓர் இராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் கண்டதைத் தொடர்ந்து, ஏறக்குறைய நாலரைக் கோடிப் பேருக்கு அவசர அவசரமாக ஊசி போட்டார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவே இல்லை. ஆனால் ஊசி போட்டவர்களில், இலட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில், நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைத் தளரவைக்கும் கியான்-பாரே என்ற நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அந்த டிசம்பரிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது. இன்றைய ஃபுளூ ஊசிகளில் அப்படி ஓர் ஆபத்து இருந்தாலும் பத்து இலட்சத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவைத் தாண்டாது என்பதே மருத்துவ உலகின் கணிப்பு. ஃபுளூ காய்ச்சலாலும் அதே நரம்பு நோய் வரலாம் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். முன்பு இந்த ஊசியால் கடுமையான ஒவ்வாமை கண்டவர்கள், கியான்-பாரே நோய் வந்து மீண்டவர்கள், இப்போது கடுங்காய்ச்சலில் இருப்பவர்கள் தாங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பவரைக் கேலி செய்வது நமக்கு அழகல்ல. 2021 டிசம்பரில் கொரோனா ஊசிக்குப் பயந்து வில்லியனூர் பக்கம் ஒருவர் மரத்தில் ஏறிக்கொண்ட காட்சியைப் பார்த்து நாடே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் அவருடைய பயத்தைப் பொறுமையாகக் கேட்டிருப்பார்கள்?

அதே டிசம்பரில்தான் புதுவை அரசு, 1973ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கியது. பின்னர் 2022 மே 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது. உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும். அதேவேளை பொது நலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. இதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 2020 டிசம்பர் 21ஆம் நாள், வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஏறக்குறைய இதே தடத்தில் பேசியிருந்தது. தடுப்பூசி போடுவது பொதுவாக ஒழுக்கக் கடமை அல்ல, அது மனமுவந்த செயலாக இருக்க வேண்டும் என்றது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. மனச்சான்றின் காரணமாக மறுப்பவர், தம்மால் பிறருக்கு, குறிப்பாக ஊசி போட முடியாத நலிந்தவர்களுக்கு, நோய் தொற்றாதபடி எல்லா வழிகளிலும் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர் என்றும் சொன்னது. கொரோனாவை முன்னிட்டு எழுதியதுதான். ஆயினும் ஃபுளூவுக்கும் அதே நியாயம் பொருந்தும். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டோம்.

கருக்கலைப்பு செய்யப்பட்ட சிசுக்களின் அணுக்களிலிருந்து உருவான ஊசியா இது என்று சிலர் உண்மையான மனவேதனையோடு கேட்கிறார்கள். 2005இல் பாப்பிறை வாழ்வுக் கழகம் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. ரூபெல்லா முதலிய சில தடுப்பூசிகளைப் பற்றிய சிக்கல் அது. ஃபுளூ ஊசி பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்க்கப்படுகிறது; சில வகைகள் விலங்கு, பூச்சி அணுக்களில் தயாராகின்றன. எனவே இங்கு அந்தக் கேள்வியே எழவில்லை. (முட்டை என்றதும், "தவக்காலத்தில் போடலாமா?" என்று கேட்டார் ஒரு பாட்டி. தாராளமாகப் போடலாம்.)

மாமியார் சொன்ன "ஆண்டவர் பார்த்துக்குவார்" என்பதற்கு வருவோம். அதை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. வாழ்நாள் முழுவதும் அந்த நம்பிக்கையில் குடும்பத்தைக் கரைசேர்த்தவர் அவர். ஆனால் எசேக்கியா அரசரின் கதையை அவரோடு சேர்ந்து வாசிக்கலாம். சாகக்கிடந்த அரசருக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் கூட்டித் தருவதாக ஆண்டவரே வாக்களித்தார். அப்படியிருந்தும் இறைவாக்கினர் எசாயா, அத்திப்பழ அடையைக் கட்டியின் மேல் வைக்கச் சொன்னார். வாக்குறுதி இருக்கும்போது மருந்து எதற்கு என்று அரசர் கேட்கவில்லை. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரமும் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரின் படைப்பாகவே பார்க்கிறது.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1792இல் பாரிஸ் வேதபோதக சபையிலிருந்து புதுச்சேரி மறைத்தளத்துக்கு வந்தவர் அருள்பணியாளர் துபுவா. நம்மவரைப்போல் உடுத்து, நம்மவரைப்போல் உண்டு வாழ்ந்தவர். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர்ப் பகுதிக்குச் சென்றார். பெரியம்மைக்கான பசு அம்மைப்பால் 1802இல்தான் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மைசூர் நாட்டில் மக்களுக்கு அம்மை குத்தும் பணியில் முன்னின்றவர் இந்தக் குருதான். பசுவிலிருந்து எடுத்ததை உடம்பில் ஏற்றுவதா என்று மக்கள் தயங்கிய காலம். இன்றைய வாட்ஸ்அப் வதந்திகளுக்கு முன்னோடிகள் அன்றும் இருந்திருப்பார்கள்.

இனிப் பணம். ஃபுளூ ஊசி குழந்தைகளுக்கான தேசிய இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியாரிடம் போட்டால் ஒருவருக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நாள்கூலிக் குடும்பத்தில் ஐந்து பேருக்கும் போடுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. ஒருவருக்குத்தான் முடியும் என்றால், வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு: மூச்சிரைப்புள்ள பாட்டிக்கு, கர்ப்பிணி மருமகளுக்கு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசியே போட முடியாது. தாய் கர்ப்பத்தின்போது போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்கும் போகும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் போடுமாறு இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. முதல்முறை போடும் சிறு பிள்ளைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் தனியாக வாழும் முதியோர் ஓரிருவருக்கு இச்செலவை ஏற்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

போடாதவர்களும் போட்டவர்களும் செய்யக்கூடியவை இன்னும் உண்டு. காய்ச்சலும் இருமலும் இருந்தால் ஞாயிறு திருப்பலிக்கு வராமல் வீட்டில் இருப்பது பாவமல்ல. நோயுற்றவருக்கு அந்தக் கடன் இல்லை. 2009இல் மும்பை உயர்மறைமாவட்டம் நற்கருணையை நாவில் பெறாமல் கையில் பெறச் சொன்னது. சமாதான வாழ்த்தைக் கைகூப்பிச் சொல்வது நமக்கு எப்படியும் பழக்கம்தான். கடையில் தானாக வாங்கி ஆன்டிபயாட்டிக் விழுங்க வேண்டாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே இதை வற்புறுத்தியது. நிலவேம்புக் குடிநீரை விரும்புவோர் குடிக்கட்டும். அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். ஃபுளூவுக்கான ஓசல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், முதியவர் தடுமாறிப் பேசினால், அன்றிரவே மருத்துவமனை.

அந்தச் சகோதரி அடுத்த வாரக் கூட்டத்துக்கு வந்தபோது சொன்னது இது. மாமியாரிடம் அவர் வாதாடவில்லை. "அத்தை, நீங்க போட்டுக்கலைன்னா பேரப்பிள்ளைங்களை உங்க பக்கத்துல படுக்கவிட எனக்குப் பயமா இருக்கு. அதுங்க பள்ளிக்கூடத்துல இருந்து கொண்டுவந்து உங்களுக்குக் குடுத்துட்டா?" என்றாராம். மாமியார் ஒருநாள் முழுவதும் பதில் பேசவில்லை. மறுநாள் காலை செபமாலையைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடு" என்றிருக்கிறார். ஊசி போட்ட கை இரண்டு நாள் வலித்ததாகவும், அதைத் தவிர ஒன்றுமில்லை என்றும், ஆட்டோக்காரர் அதிகமாகக் கேட்டதற்குத்தான் அத்தை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார் என்றும் மருமகள் சொன்னார்.