வெளிப்பொருத்தும் மின் இயந்திரத்தின் விசைக்கடத்தி

வெளிப்பொருத்தும் மின் இயந்திரம் என்பது படகின் பின்பலகையில் கழற்றி மாட்டக்கூடியதும் மின்கலத்தால் இயங்குவதுமான உந்து கருவி ஆகும். இதிலுள்ள மின்னோடியின் சுழற்சியை, நீருக்குள் இருக்கும் சுழல் விசிறிக்குக் கொண்டு செல்லும் அமைப்பு விசைக்கடத்தி எனப்படும்.

வரலாறு

1881 இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த குசுத்தாவ் துரூவே, பாரிசு நகரின் சேன் ஆற்றில் இத்தகைய படகை இயக்கிக் காட்டினார். சுக்கானின் மேல் வைக்கப்பட்ட மின்னோடி, சங்கிலி மூலம் விசிறியைச் சுழற்றியது. பெட்ரோல் இயந்திரங்கள் பரவலாவதற்கு முன்பே இது நிகழ்ந்தது.

அடிப்படை

பெரிய விசிறி மெதுவாகச் சுழலும்போது பயனுறுதிறன் மிகுதி. மின்னோடியோ வேகமாகச் சுழன்றால்தான் சிறியதாக அமையும். எடுத்துக்காட்டாக, 5 கிலோவாட் திறனை நிமிடத்துக்கு 1000 சுற்றுகளில் வழங்க ஏறத்தாழ 48 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை. 5000 சுற்றுகளில் 9.5 போதும். இந்த இடைவெளியை நிரப்புவதே விசைக்கடத்தியின் பணி.

வகைகள்

* நேரடி இயக்கம்: மின்னோடி நீர்புகா உறைக்குள் நீரில் மூழ்கியிருக்கும், விசிறி அதன் தண்டிலேயே பொருத்தப்படும். நீரே வெப்பத்தைத் தணிக்கும், ஓசை குறைவு. நீர்த்தடுப்பு வளையம் தேய்ந்தால் மின்னோடி பழுதாகும்.
* பற்சக்கர இயக்கம்: மின்னோடி மேலே இருக்கும், நிலைக்குத்துத் தண்டும் சாய்வுப் பற்சக்கரங்களும் விசையைக் கீழே கடத்தும். பழுதுபார்ப்பது எளிது, ஆனால் உராய்வால் சிறிது ஆற்றல் வீணாகும், எண்ணெயும் மாற்றவேண்டும். மின்னோடியையே எதிர்த்திசையில் சுழற்றலாம் என்பதால் பின்னோக்கிச் செல்லத் தனிப் பற்சக்கரம் வேண்டியதில்லை.
* பட்டை இயக்கம்: எடை குறைவு, எண்ணெய் தேவையில்லை. பட்டையின் இழுவிசையை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். மணல் புகாமல் காக்கவும் வேண்டும்.
* நீள்தண்டு இயக்கம்: மின்னோடி படகின் மேல் இருக்க, நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும். தண்டை நீரிலிருந்து உயர்த்தலாம்.

தமிழகக் கடற்கரையில்

கடலூர் போன்ற சோழமண்டலக் கரைப் பகுதிகளில் கண்ணாடியிழைப் படகுகள் அலைகளைக் கடந்து நேரே மணலில் ஏறுகின்றன. அதனால் இங்கு டீசலில் இயங்கும் நீள்தண்டு இயந்திரங்கள் வழக்கத்தில் உள்ளன. கரையேறும்போது நேரடி இயக்க வகையைத் தூக்கிவைக்காவிட்டால் மின்னோடியே தரையில் மோதும். நீள்தண்டு வகையில் விசிறிக்கு மட்டுமே அந்த ஆபத்து. காயல்களிலும் ஏரிகளிலும் இச்சிக்கல் இல்லை.

ஒரு கிலோ டீசலில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லித்தியம் மின்கல அடுக்கில் பொதுவாக 0.2 கிலோவாட் மணிக்கும் குறைவு. மின்னோடியின் உயர்ந்த பயனுறுதிறன் இந்த வேறுபாட்டை ஓரளவே ஈடுசெய்யும். 2017 இல் கேரளத்தின் வைக்கம் - தவணக்கடவு வழித்தடத்தில் சேவைக்கு வந்த 75 பேர் செல்லும் ஆதித்யா சூரிய மின்படகு, தூரமும் நேரமும் முன்பே தெரிந்த பாதையில் செல்வது. மீன்களைத் தேடி அலையும் படகுக்கு அந்த உறுதி இல்லை. எனவே விசைக்கடத்தியில் வீணாகும் ஒவ்வொரு விழுக்காடும் மீனவர் கரை திரும்பக்கூடிய தொலைவைக் குறைக்கிறது.