பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா?

புது கேம் ஒன்று வெளியாகிறது. ஆசை ஆசையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் படம் தத்தித் தத்தி ஓடுகிறது. உடனே நம் நண்பர்கள் சொல்லும் ஒரே மருந்து, "பிராசஸரை மாத்துடா!" என்பதுதான். மருந்து சரியாகவும் இருக்கலாம். ஆனால் நோய் என்னவென்று பார்க்காமல் வாங்கினால் காசுக்குத்தான் கேடு. இதை நான் கற்றுக்கொண்டது லேபில் அல்ல, என் பெரியம்மா மகனின் வீட்டில்.

அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ரைசன் 5 1600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1070 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி மெமரி. 2023 செப்டம்பர் 6-ல் ஸ்டார்ஃபீல்ட் வெளியானது. விண்வெளியில் கிரகம் கிரகமாகச் சுற்றும் கேம். ஆளில்லாத கிரகத்தில் சுமாராக ஓடும். நியூ அட்லாண்டிஸ் நகரத்துக்குள் கால் வைத்தால் போதும், திக்க ஆரம்பித்துவிடும். கடையில் கேட்டதற்கு, "போர்டு, மெமரி, பிராசஸர் மூணையும் சேர்த்து மாத்தணும்" என்றார்களாம். அண்ணனின் தீபாவளி போனஸ் மொத்தமும் அதிலேயே போய்விடும். "தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே, பார்த்துச் சொல்லு" என்றார். எங்கள் சொந்தத்தில் பாலிடெக்னிக் வரை வந்தவன் நான் ஒருவன்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் எது மெதுவாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அண்ணனுக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். பிராசஸர் கட்டிங் மாஸ்டர் மாதிரி. நகரத்தில் யார் எங்கே நடக்கிறார், எந்தக் கதவு திறக்கிறது, குண்டு எங்கே பட்டது என்று ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட்டு, "இதை இப்படி வரை" என்று கட்டளை வெட்டிக் கொடுப்பது அதன் வேலை. கிராபிக்ஸ் கார்டு பவர் டேபிளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் டெய்லர்கள். வந்ததைத் தைத்துத் தள்ளுவார்கள். கட்டிங் தாமதமானால் டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். டெய்லர்கள் குறைவு என்றால் வெட்டிய துணி குவிந்து கிடக்கும். இரண்டில் எது நடக்கிறது?

இதைப் பார்க்கப் பைசா செலவில்லை. கேமின் செட்டிங்கில் ரெண்டர் ரெசல்யூஷனை 100 சதவீதத்திலிருந்து 50-க்கு இறக்கினோம். படம் மங்கியது, கார்டின் வேலை பெருமளவு குறைந்தது. ஆனால் ஒரு நொடிக்கு வரும் படங்கள் 30-ஐ ஒட்டியே நின்றன. கார்டோ பாதி நேரம் சும்மா இருந்தது. அப்படியானால் குற்றவாளி பிராசஸர்தான். எண்ணிக்கை மளமளவென்று ஏறியிருந்தால் பிராசஸர் வாங்குவது வெட்டிச் செலவு. கேம் தயாரித்தவர்கள் குறைந்தபட்சம் என்று போட்டிருந்ததும் ரைசன் 5 2600எக்ஸ். அண்ணனுடையது அதற்கும் கீழே.

சரி, எதை வாங்குவது? நான் ரைசன் 5 5600 என்றேன். "அதுவும் 6 கோர், இதுவும் 6 கோர். பின்னே எதுக்குடா?" என்றார். நியாயமான கேள்வி. 1600-ல் ஆறு கோர்களும் மும்மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் 8 எம்பி கேஷ் மெமரி. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேதி போகவே நேரமாகும். 5600-ல் ஆறும் ஒன்றாக 32 எம்பியைப் பங்கிடுகின்றன. உச்ச வேகமும் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆகிறது. அதைவிட, ஒரே துடிப்பில் முடிக்கும் வேலையே கூடுதல்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பி ஏமாந்த கதை பழையது. 1996-ல் குவேக் வந்தபோது, சைரிக்ஸ் 6எக்ஸ்86 பி166+ என்ற பிராசஸர் மலிவாகக் கிடைத்தது. ஓடுவது 133 மெகாஹெர்ட்ஸில். ஆனாலும் ஆபீஸ் வேலைகளில் பென்டியம் 166-க்கு ஈடு என்பதால் அந்தப் பெயர். பொய்யில்லை. ஆனால் குவேக் சுவர்களைக் கோணம் பிசகாமல் வரைய ஃப்ளோட்டிங் பாயிண்ட் எனப்படும் தசமக் கணக்கில் இடைவிடாமல் வகுத்துக்கொண்டே இருக்கும். பென்டியத்தில் ஒரு பக்கம் வகுத்தல் நடக்கும்போதே மறுபக்கம் புள்ளிகளை வரையலாம். குவேக்கை எழுதியவர்கள் அதை நம்பியே எழுதினார்கள். சைரிக்ஸ் அந்தக் கணக்கில் மந்தம். வேர்டில் ஜெயித்தது குவேக்கில் தோற்றது!

கடைக்காரர் சொன்ன மூன்றில் இரண்டு ஏன் தேவைப்படவில்லை என்றால், அண்ணனின் போர்டு ஏஎம்4 சாக்கெட். 2017-ல் வந்த பி350 சிப் போர்டுதான். ஆனாலும் 5000 வரிசையை ஏற்கும் பயாஸ் இவற்றுக்கு 2022-ல் வந்துவிட்டது. டிடிஆர்4 மெமரியும் அப்படியே போதும். இன்டெல் வைத்திருப்பவர்கள் இதில் உஷாராக இருக்க வேண்டும். 6, 7, 8-ம் தலைமுறை எல்லாவற்றுக்கும் 1151 என்றே பெயர். ஆனால் 8-ம் தலைமுறை பழைய போர்டில் வேலை செய்யாது, 300 வரிசை போர்டு வேண்டும்.

பயாஸை மாற்றுவது பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே நடக்க வேண்டும். புதியதை மாட்டிவிட்டால் பழைய பயாஸுக்கு அதை அடையாளமே தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். பென் டிரைவில் ஃபைலைப் போட்டு, கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்தோம். பாதியில் கரண்ட் போனால் போர்டே போச்சு. அந்த சில நிமிஷம் எனக்கு செமஸ்டர் ரிசல்ட் பார்ப்பது போல இருந்தது.

இதுவரை எல்லாம் சரி. அடுத்ததில்தான் நான் தப்பு செய்தேன். கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு நேராக மேலே இழுத்தேன். பழைய பேஸ்ட் காய்ந்து பசையாகியிருந்தது. லாக் போட்டபடியே பிராசஸரும் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது! ஏஎம்4-ல் பின்கள் பிராசஸரில்தான் இருக்கின்றன, மொத்தம் 1331. ஓரத்தில் நான்கு சாய்ந்திருந்தன. அதை விற்றுத்தான் புதியதற்குக் கொஞ்சம் காசு தேற்ற வேண்டும். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. லெட் எடுத்துவிட்ட மைக்ரோ டிப் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் செருகி, பக்கத்து வரிசையைப் பார்த்துப் பார்த்து நிமிர்த்தினோம். ஒரு மணி நேரம் ஆனது. வாங்க வந்தவரிடம் நடந்ததைச் சொல்லியே விற்றோம், கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்.

சரியான முறை இதுதான்: கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டால் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பிடி விடும். அதன் பிறகே தூக்க வேண்டும். புதியதை வைக்கும்போது மூலையில் உள்ள தங்க முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருந்த வேண்டும். தானாக இறங்கும், அழுத்தவே கூடாது.

அன்று ராத்திரி நியூ அட்லாண்டிஸில் நுழைந்தோம். திக்கல் இல்லை. மானிட்டரில் பார்த்தால் இப்போது கார்டு 98 சதவீதம் வேலை செய்துகொண்டிருந்தது. அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கட்டிங் முந்திருச்சு, இப்ப டெய்லர் பத்தலை. அப்படித்தானே தம்பி?" என்றார்.