வடிகட்டி அடைத்தால் மழை வாசலோடு போய்விடும்!

ஐப்பசியில் அடைமழை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தெருவில் தண்ணீர் ஓடுகிறது. கோடை பிறந்தாலோ, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று வாசலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மொட்டை மாடியில் கொட்டிய மழை எங்கே போயிற்று?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் தண்ணீர். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. வீணாவது போக, ஒரு வீட்டு மாடியிலேயே சுமார் 1 லட்சம் லிட்டர் கிடைக்கும்!

இந்தத் தண்ணீரைப் பூமிக்குள் இறக்கத்தான் 2003-ம் ஆண்டில் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, தொட்டி வந்தது. தொட்டிக்குள் ஜல்லி, அதன்மேல் கூழாங்கல், அதற்கும் மேல் மணல் என்று அடுக்கினார்கள். மூடியைப் போட்டார்கள். பல வீடுகளில் அப்புறம் அந்த மூடியைத் திறக்கவே இல்லை!

2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளே வறண்டன. அந்த நிலை வந்தபின் தொட்டியைத் திறந்து என்ன பயன்?

அடைப்பு எங்கே?

மழைத் தண்ணீர் சருகு, தூசி, பறவை எச்சம் எல்லாவற்றையும் இழுத்து வருகிறது. இவை மேல் மணலில் தங்கி, பாலில் ஏடு படிவதுபோலப் படிந்துவிடுகின்றன. பிறகு தண்ணீர் கீழே இறங்குவதில்லை. வழிந்து தெருவுக்கு ஓடுகிறது. தேங்கினால் கொசு முட்டையிடுகிறது.

சென்னை நகரின் குடிநீருக்காகக் கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. அத்தகைய வடிகட்டி அடைத்துக்கொண்டால், அழுக்குப் படிந்த மேல் மணலைச் சுரண்டி எடுப்பதுதான் முறை. வீட்டுத் தொட்டிக்கும் அதே வைத்தியம்தான்.

செய்ய வேண்டியது என்ன?

புரட்டாசி பிறந்ததும் மூடியைத் திறந்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மளமளவென்று இறங்கினால் கவலை இல்லை. குளம்போல நின்றால் அடைப்பு நிச்சயம்.

மேல் மணலை 2 அங்குலம் வாரி எடுங்கள். கலங்கல் தெளியும் வரை அலசி, வெயிலில் உலர்த்தி, மறுபடி பரப்புங்கள். அப்படியும் தண்ணீர் இறங்காவிட்டால், கூழாங்கல்லையும் ஜல்லியையும் எடுத்துத் தனித்தனியே கழுவ வேண்டும். சோப்புத்தூள் கூடாது, அது நிலத்தடி நீரில் கலந்துவிடும். அடுக்குகளுக்கு நடுவே உள்ள வலை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கரி போட்டிருந்தால் அதையும் புதிதாக மாற்றுவதே நல்லது.

மாடியைப் பெருக்கி, குழாயின் வாயில் கம்பி வலை பொருத்துங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். குளியலறைத் தண்ணீர் எந்தக் காரணத்தைக் கொண்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. அழுக்கு ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கினால், அண்டை வீட்டுத் தண்ணீரும் கெடும்.

ஓர் எச்சரிக்கை: ஆழமான உறைகிணறாக இருந்தால் உள்ளே யாரையும் இறக்காதீர்கள். விஷவாயு உயிரைக் குடித்துவிடும்!

ஒரு மண்வெட்டி, இரண்டு வாளி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. செலவு இவ்வளவுதான். ஐப்பசி மழை அதற்குப் பிறகு வாசலோடு திரும்பாது, வீட்டுக்குள்ளேயே தங்கும்.