மின்னேற்ற நிலையப் பணிகள் தாமதமாவது ஏன்?

மின்சாரத்தால் ஓடும் வாகனங்கள் நகரங்களோடு நின்றுவிடவில்லை. பால் கேன்களைச் சுமந்து செல்லும் இருசக்கர வண்டியும், சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர வண்டியும் மின்கலத்தின் துணையால் ஓடுவதை இன்று நாம் கிராமச் சாலைகளிலேயே காண்கிறோம். இவற்றுக்கு மின்னேற்றம் செய்யும் பொது நிலையங்களும், அதாவது சார்ஜிங் ஸ்டேஷன் என்று மக்கள் வழங்கும் நிலையங்களும், சாலையோர ஊர்களில் அமைந்து வருகின்றன. ஆனால் கூரை வேய்ந்து, இயந்திரத்தை நிறுத்தி, பெயர்ப்பலகையும் மாட்டிய பின்னர் மின் இணைப்பின்றி மாதக்கணக்கில் வாளாவிருக்கும் நிலையங்களும் உண்டு. இத்தாமதம் எங்கிருந்து தோன்றுகிறது, அதில் ஊராட்சியின் கையில் இருப்பது எவ்வளவு என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

தாமதம் என்றவுடன் பணப் பற்றாக்குறையே காரணம் என்று எண்ணுவது இயல்பு. இத்துறையில் அவ்வாறன்று. நாடெங்குமுள்ள எரிபொருள் விற்பனை நிலையங்களில் 7,432 விரைவு மின்னேற்ற நிலையங்களை நிறுவுவதற்காக, 2023 மார்ச் மாதத்தில் மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024 மார்ச்சுக்குள் பணி நிறைவுறும் என்று அப்போது கருதப்பட்டது. அம்மாதம் கடந்தும் பணி நிறைவுறவில்லை. அமெரிக்க நாட்டின் அனுபவமும் இதுவே. அங்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வாயிலாக நெடுஞ்சாலை மின்னேற்ற நிலையங்களுக்கென 500 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அப்பணத்தில் எழுந்த முதல் நிலையம் ஒஹாயோ மாநிலத்தில் திறக்கப்பட்டது 2023 டிசம்பரில்தான். பணமும் இயந்திரமும் கிடைத்தும் பணி நிற்குமானால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் மின்மாற்றி. கார்களுக்கான விரைவு மின்னேற்றி ஒன்று 60 கிலோவாட் திறனுடையது என்று கொள்வோம். ஐந்து குதிரைத்திறன் பம்புசெட் ஒன்றின் திறன் ஏறத்தாழ 3.7 கிலோவாட் ஆகும். எனவே அந்த ஓர் இயந்திரம், ஒரே நேரத்தில் ஓடும் பதினாறு பம்புசெட்டுகளுக்குச் சமமான சுமையை மின்பாதையின் மீது ஏற்றுகிறது. நம் கிராமங்களில் பரவலாகக் காணப்படும் மின்மாற்றிகளோ 63 அல்லது 100 கேவிஏ திறனுடையவை. 63 கேவிஏ மின்மாற்றி முழுவதையும் ஒதுக்கிக் கொடுத்தாலும் இந்த ஓர் இயந்திரத்திற்குப் போதாது. அதன்மேல் ஏற்கனவே வீடுகளும், தெருவிளக்குகளும், குடிநீர் மோட்டாரும், கிணற்றுப் பாசனமும் சார்ந்திருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் இத்தகைய நிலையத்திற்குத் தனி மின்மாற்றி தேவைப்படுகிறது. அம்மின்மாற்றி வரையில் உயரழுத்தப் பாதையை நீட்ட வேண்டும். மின்மாற்றி, கம்பம், கம்பி, மின்வெட்டுக் கருவி ஆகியவற்றுக்கு மதிப்பீடு தயாரித்து, ஒப்புதல் பெற்று, பணம் கட்டி, பொருள் வந்து சேர்ந்து, பாதை இழுத்து, ஆய்வு முடிந்த பிறகே மின்சாரம் வரும். மேடை கட்டி இயந்திரத்தை நிறுத்துவதோ சில வாரங்களில் முடிந்துவிடும் வேலை. சில வார வேலையை முதலில் முடித்துவிட்டு, பல மாத வேலைக்கு அதன்பின் விண்ணப்பம் எழுதும் வழக்கமே தாமதத்தின் வேர் என்பது நம் கருத்து. ஒப்பந்தக்காரரைக் குறை கூறுவது எளிது. ஆயின் கட்டட வேலைக்கு முதல் தவணை, மின் இணைப்புக்குக் கடைசித் தவணை என்று ஒப்பந்தம் எழுதினால் அவர் அந்த முறைப்படியே செய்வார்.

இங்கே விவசாயப் பெருமக்களின் ஐயம் ஒன்றையும் கவனித்தாக வேண்டும். "எங்கள் மின்மாற்றியில் இதையும் சேர்த்துவிட்டால் மோட்டார் எரிந்துபோகுமே" என்று அவர்கள் அஞ்சுவது வீண் அச்சமன்று. சுமை மிகுந்த பாதையில் மின்னழுத்தம் குறையும். குறைந்த அழுத்தத்தில் ஓடும் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். சுருள் கருகுவது இதனால்தான். தனி மின்மாற்றி அமைந்தால் இவ்விடர் பெரும்பாலும் நீங்கிவிடும். இதைத் தொடக்கத்திலேயே கிராம சபையில் எடுத்துரைத்து, எந்த மின்மாற்றியிலிருந்து இணைப்பு வருகிறது என்பதைப் பொறியாளரைக் கொண்டே சொல்ல வைத்தால், பிற்பாடு கம்பம் நடும் நாளில் எதிர்ப்பு எழாது.

மின் இணைப்புக்குக் கால வரம்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2024ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி கிராமப் பகுதிகளில் 15 நாட்களுக்குள்ளும், மலைப்பாங்கான கிராமங்களில் 30 நாட்களுக்குள்ளும் புதிய இணைப்பு தரப்பட வேண்டும். ஆனால் இக்கணக்கு முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஓர் ஆவணம் குறைந்தாலும் கணக்கு தொடங்காது. மேலும், மின்பாதையை நீட்டவோ புதிய துணைமின் நிலையம் அமைக்கவோ வேண்டியிருந்தால் அதற்கு வேறு கால அளவு உண்டென்பதை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமே கூறுகிறது. பதினைந்து நாள் என்று கேள்விப்பட்டு, திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் இவ்விரு நுட்பங்களையும் கவனிக்கத் தவறியவர்களே.

பாதையை நீட்டும்போது கம்பங்கள் பிறர் வயல் வழியே செல்ல நேரும். நில உடைமையாளரின் இசைவு இதற்கு வேண்டும். அவர் மறுத்தால் விவகாரம் மாவட்ட ஆட்சியர் வரை செல்லும். அதற்கான காலம் எவர் கணக்கிலும் சேர்வதில்லை. வயலின் நடுவே ஒரு கம்பம் நின்றால் உழவு இயந்திரம் திரும்புவதற்கும் அறுவடை இயந்திரம் செல்வதற்கும் நேரும் இடையூறு என்னவென்பதை உழுபவரே அறிவார். பாதை வரையப்படும் நாளில் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் பொறியாளரோடு நடந்து சென்று, வரப்போரமாகவோ வண்டிப்பாதையோரமாகவோ கம்பங்களை ஒதுக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. இரண்டு கம்பங்கள் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் பல மாத வழக்கை அது தவிர்த்துவிடும்.

அடுத்தது நிலம். சாலையோரத்தில் காலியாகத் தோன்றும் இடமெல்லாம் ஊராட்சியின் இடமாகிவிடாது. மேய்ச்சல் புறம்போக்கை வேறு பயனுக்கு மாற்ற வருவாய்த் துறையின் ஆணை வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கை நாடவே கூடாது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையிலிருந்து வாகனங்கள் திரும்பி உள்ளே வருவதற்கு நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி தனியே பெற வேண்டும். இதை மறந்து கட்டிய பின் நுழைவாயிலை இடம் மாற்றுவது பெருஞ்செலவு. கிராம சபைத் தீர்மானத்திற்கும் நாள் பார்த்தே நடக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் நம் மாநிலத்தில் சபை கூடுகிறது. நவம்பரில் விட்ட தீர்மானம், சிறப்புக் கூட்டம் கூட்டாவிடில், ஜனவரி இறுதிவரை காத்திருக்கும்.

கட்டட வேலையில் சொல்ல வேண்டியவை சிலவே. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் அடித்தளம் முடிந்திருக்க வேண்டும். மேடை, மழைநீர் தேங்கும் மட்டத்திற்கு மேலே அமைய வேண்டும். பாறைப் பாங்கான நிலத்தில் எர்த் குழி சரியாக அமையாது; ஆய்வில் திருப்பி அனுப்பப்படும் பணிகளில் இதுவும் ஒன்று. இன்னொன்றையும் மறத்தலாகாது. இயந்திரத்திற்குப் பணம் செலுத்துவது கைபேசி வழியாகவே நடக்கிறது. அவ்விடத்தில் அலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லையெனில், மின்சாரம் வந்தும் விற்பனை நடக்காது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கையிலுள்ள போனை எடுத்துப் பார்த்துவிடலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

தாமதத்தால் ஊராட்சி இழப்பது என்ன? பொது நிலத்தை இந்நிலையங்களுக்கு அளிக்கும்போது, விற்பனையாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ரூபாய் நிலத்துக்குரிய அமைப்புக்குத் தரப்பட வேண்டும் என்னும் முறையை மத்திய மின்துறை அமைச்சகம் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளில் வகுத்தது. தனியாருக்கு ஏலத்தில் விடுமிடத்து அதுவே அடிப்படை விலை. நாளொன்றுக்கு 200 யூனிட் விற்பதாக வைத்துக்கொண்டால், ஆறு மாதத் தாமதத்தில் 36,000 ரூபாய் போய்விடுகிறது. நெறிமுறையில் இருப்பதனாலேயே இத்தொகை தானாக வந்துவிடாது; ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். குறித்த நாளுக்குப் பின்னரும் நிலையம் இயங்காவிடில் நிலம் ஊராட்சிக்குத் திரும்பும் என்ற வாசகமும் அதில் இருப்பது நலம்.

மானியத்திற்கும் காலக்கெடு உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இ-டிரைவ் திட்டத்தில் மின்னேற்ற நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அத்திட்டத்தின் காலம் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. மின்மாற்றி, கம்பி, மேடை முதலிய முன்னேற்பாட்டுச் செலவுகளுக்கும் இதில் இடமுண்டு என்பது நாம் கவனிக்கத்தக்கது. ஏனெனில் பணி முடங்குவது அவ்விடத்தில்தான்.

எல்லா ஊருக்கும் 60 கிலோவாட் இயந்திரம் வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் செல்லும் கார்களுக்கு அது தேவை. ஊருக்குள் ஓடும் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கோ 3.3 கிலோவாட் திறனுள்ள எளிய மின்னேற்று முனைகளே போதும். அத்தகைய ஐந்து முனைகளை ஒரே நேரத்தில் இயக்கினாலும் 16.5 கிலோவாட்தான் ஆகும். நான்கைந்து பம்புசெட்டுகளின் சுமை. இருக்கின்ற மின்மாற்றியில் இடமிருந்தால் புதிய பாதையே தேவைப்படாது. பால் கொள்முதல் நிலையத்தின் அருகிலோ, வாரச்சந்தைத் திடலிலோ, வண்டிகள் எப்படியும் சில மணி நேரம் நிற்கும் இடங்களில் இவை நன்கு பயன்படும். இதனை நடத்த மின் விநியோக உரிமம் வேண்டியதில்லை என்பதை மத்திய மின்துறை அமைச்சகம் 2018ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆதலால் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றே இதனை ஏற்று நடத்தலாம். பெரிய நிலையத்திற்குக் காத்திருக்கும் ஊர்கள் பல, இச்சிறிய ஏற்பாட்டை முன்னரே செய்துகொண்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நிலையம் வேண்டும் என்று எண்ணும் ஊராட்சி, கல்லும் சிமெண்டும் வாங்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்குச் செல்லட்டும். இடத்தின் புல எண், வரைபடம், தேவைப்படும் கிலோவாட் அளவு ஆகியவற்றைக் கொடுத்து, அருகிலுள்ள மின்மாற்றியில் எவ்வளவு சுமை மீதமுள்ளது, புதிதாக வேண்டுமானால் எத்தனை கம்பங்கள், கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று எழுத்து மூலம் பதில் பெற வேண்டும். அக்கடிதத்தைக் கிராம சபையில் படித்த பின்னரே கட்டட ஒப்பந்தத்திற்கு விலைப்புள்ளி கோரலாம்.